ஜவ்வாதுக்கு டெண்ட் எடுங்கள், அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்

பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை பக்கத்துப் பையன்கள் டெண்ட் போடும் ஆசை வந்ததும் முதலில் கேட்பது ஏலகிரியைத்தான். போகாதீர்கள். நீங்கள் போக வேண்டியது ஜவ்வாது மலை. சனிக்கிழமை இரவில் ஒலிபெருக்கி இல்லாத மலை, கூடாரத்தின் வாசலிலேயே பார்பிக்யூ விற்கும் ஆள் இல்லாத மலை, பக்கத்தில் அதைவிட்டால் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சாமான் வாங்கக் கடை தேடி அலைய வேண்டாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய டிரங்க் ரோட்டில் வாரம் ஒருநாள் விரியும் இந்தச் சந்தையில் செடி, புறா, உடைந்த டிவி என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மலையேறுகிறவன் கண்ணோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். கனமான தார்ப்பாய், நைலான் கயிறு, அலுமினியப் பாத்திரம், பழைய ராணுவப் பச்சை முதுகுப்பை, தலையில் கட்டும் டார்ச் எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும், விலையும் ஏறும். டெண்ட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையதில் தையல் வழியே தண்ணீர் இறங்கும், அது நடுராத்திரியில்தான் தெரியவரும்.

கேஸ் அடுப்பு வாங்கும்போது ஒன்றை யோசியுங்கள். ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகக் கூடாது, சின்னதாக இருந்தாலும்தான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி பற்றி எரிந்து 9 பேர் இறந்தது, உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால். குழுவில் யாராவது 'பையடியில் வைத்தால் யாருக்குத் தெரியும்' என்று சொன்னால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மலையில் விறகு கொடுப்பார்கள், இல்லையென்றால் சமைத்தே கொடுப்பார்கள்.

போகும் வழி சுலபம். பல்லாவரமோ தாம்பரமோ வந்து, கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறுங்கள். அங்கிருந்து போளூர், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைப் பஸ். பண்டிகைக்கு முந்தின இரவு மட்டும் இந்த வேலையே வேண்டாம். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். போளூருக்கு ரயிலும் உண்டு. 2024 மே முதல் சென்னைக் கடற்கரையில் மாலை 6 மணிக்குக் கிளம்பி, காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட் வழியாகத் திருவண்ணாமலை போகும் ரயில் அங்கே நிற்கிறது. நம் பக்கத்தார் கடற்கரை வரை போய் ஏற வேண்டும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. பின்னால் இந்த ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, நினைவில் வையுங்கள். செலவு, பஸ், சாப்பாடு, இடத்துக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரத்துக்குள் முடியும்.

டெண்ட்டை எங்கே போடுவது என்பதில் வீராப்பு வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு வனத்துறை இதில் கண்டிப்பாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு 40 பாதைகள் இருக்கின்றன. ஏலகிரியின் சுவாமிமலையும் திருவள்ளூர் பக்கத்துக் குடியம் குகையும் அதில் உண்டு. தங்குவதற்கோ, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பட்டா நிலத்துக்காரரிடம் கேளுங்கள். சாமை அறுத்து முடித்த களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடாக இருக்கும், தரை இறுகியிருக்கும், பாம்பு வந்தால் தெரியும்.

நாங்கள் தங்கிய களத்துப் பெரியவர் வாடகை என்று எதுவும் கேட்கவில்லை. "சாப்பாட்டுக்குக் குடுங்க தம்பி, தரையில படுக்கறதுக்கு என்ன காசு" என்றார். அவர் வீட்டுச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் நான் தின்ற எந்த ஓட்டல் சாப்பாட்டுக்கும் மேல். சாமை, தேன், புளி மூன்றும் இந்த மலையின் சரக்கு. திரும்பும்போது பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது என்று பட்டியல் போட்டு ஓடாதீர்கள். பீமன் அருவி மழைக்குப் பிறகு அழகு, கோடையில் வெறும் பாறை. கோமுட்டேரிப் படகுத்துறைக்குக் குழந்தைகளோடு போனால் சரி. கீழ்செப்பிலிப் பக்கம் ஊர்க்காரர்கள் 'குள்ளர் குகை' என்று சொல்லும் கற்திட்டைகளுக்குக் கட்டாயம் போங்கள். நாலு பக்கமும் கல் நிறுத்தி, மேலே பலகைக்கல் மூடி, பக்கக் கல்லில் வட்டத் துளை போட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. பல்லாவரத்துக்காரனுக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது நம் பல்லாவரத்தில்தான். அங்கே ஒரு பலகைகூட ஒழுங்காக இல்லை என்பது வேறு கதை.

காவலூருக்குத் தனியாக ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். 1986 முதல் வேலை செய்யும் 2.3 மீட்டர் தொலைநோக்கியின் அடியில் நின்றாலே தலை சுற்றும். 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குத்தான் கணித மேதை ராமானுஜன் பெயர். மேகம் இருந்தால் வானத்தைப் பார்க்க வழியில்லை, ஆகையால் வானத்துக்காக வருகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள்.

ஏலகிரி பற்றி ஒரு வரி போதும்: வாரக்கடைசியில் நரகம்.

இனி, தலைப்புக்கு வருகிறேன். ஜவ்வாதில் இரண்டு இரவு, அப்புறம் விழுப்புரத்தில் மதுரைப் பக்கம் போகும் ரயில், கொடைக்கானல் ரோட்டில் இறங்கி மலையில் இன்னும் இரண்டு இரவு. பம்மலில் உட்கார்ந்து எங்கள் குழு போட்ட கணக்கு இது. வரைபடத்தில் ஒரு குறையும் கிடையாது. 2024 நவம்பர் 28 இரவு கிளம்பினோம். வங்கக்கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுக்காமலேயே கரை கடக்கும் என்பதுதான் அன்றைய அறிவிப்பு. மறுநாள் அது ஃபெஞ்சல் புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, போக மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருந்த எங்கள் களத்திலும் டெண்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. பெரியவர் எங்களை வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார்.

ஞாயிறு போளூர் இறங்கினோம். அன்று மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்த செய்தி வந்தது. உள்ளே சிக்கிய ஏழு பேரும் பிழைக்கவில்லை. கொடைக்கானலைப் பற்றி அன்றிரவு யாரும் பேசவில்லை. திங்கள் விடியும் முன்பே சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் போனது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். நாங்கள் ஏற வேண்டியது பாலத்துக்குத் தெற்கே இருக்கும் விழுப்புரத்தில். ரயில் வர வேண்டியதோ வடக்கே எழும்பூரிலிருந்து. தென்மாவட்டம் போகும் ரயில், சாலை இரண்டுமே தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்ற ஒரே கோட்டில் ஓடுவதால், ஒன்று அறுந்தால் மற்றதும் அறுகிறது.

சரி, வேலூர் போய், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகத் திண்டுக்கல் பிடிக்கலாம் என்று கிளம்பினோம். வேலூரில் பஸ் விட்டு இறங்கிக் கால் தரையில் படுவதற்குள் ஒருவன் முதுகுப்பையைப் பிடித்துவிட்டான். "எங்க சார், மதுரையா, திண்டுக்கல்லா? ஏசி ஸ்லீப்பர், ஆறு சீட்டு இருக்கு, லாஸ்ட்டு." வழக்கமான கட்டணத்தைப்போல மூன்று மடங்கு கேட்டான். மழை, வெள்ளம், வேறு வண்டியே ஓடவில்லை என்று அவன் சொன்னதைச் சுற்றி நின்ற இன்னும் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்களில் ஒருவன் போனில் பாதிப் பணம் அனுப்பினான். வாட்ஸ்அப்பில் டிக்கெட் வந்தது, சீட் எண்ணோடு. ஒன்பது மணி வண்டி பத்தரைக்கு வரும் என்றான், பத்தரைக்கு டோல்கேட்டில் நிற்கிறது என்றான், பதினொன்றேகாலுக்கு போன் அணைந்துவிட்டது. எங்களைப்போலவே அதே சீட் எண்களோடு கைக்குழந்தையுடன் ஒரு குடும்பமும் நின்றது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். காசு போனால் போகிறது, மழையில் நடுங்கி நிற்கும் குழந்தையின் அம்மாவிடமும் "கடைசி சீட்டு" என்று சொல்ல ஒருவனுக்கு நா எழுந்ததே! அடுத்த நடைமேடையில் சென்னை போகும் அரசுப் பஸ்கள் வரிசையாக நின்றதை அவர்களுக்கு நாங்கள்தான் காட்டினோம்.

ஆகவே: வெள்ளம் வந்த நாளில் பையைத் தொடும் எவனிடமும் பேசாதீர்கள். விசாரணை ஜன்னலுக்குப் போங்கள், காக்கிச் சட்டை நடத்துனரைக் கேளுங்கள். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

ஜவ்வாதிலிருந்து தெற்கு வழி அடைத்தால் வீட்டுக்கு வர இரண்டு வாசல்கள் உண்டு. போளூரிலிருந்து வேலூர், அதாவது நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த ரயில் பாதையின் திசை. திருவண்ணாமலையில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பும் அந்த ரயிலே போளூர் வழியாகச் சென்னை வரும், ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மலையின் மேற்கே காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி இறங்கி பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். இரண்டிலும் பஸ்ஸில் வந்தால் கோயம்பேடு வரை போகாதீர்கள். பூந்தமல்லியில் இறங்கி 66 பிடித்தால் குன்றத்தூர், அனகாபுத்தூர் வழியாக நேரே பம்மல்.

டிக்கெட் பணம்: ரயிலையே ரத்து செய்திருந்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப்பணமும் தானாக வந்துவிடும், நீங்களாக ரத்து செய்யப் போகாதீர்கள். கவுண்டரில் எடுத்ததை மூன்று நாளுக்குள் கொடுத்து வாங்க வேண்டும். ரயிலை வேறு பாதையில் திருப்பிவிட்டு, அதில் நீங்கள் போகவில்லை என்றால் டிடிஆர் என்ற பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிய வேண்டும். அது தானாக நடக்காது.

கொடைக்கானலை விட மனமில்லை என்றால் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை மட்டும் வேண்டாம். சொந்த வண்டியிலோ வாடகை வேனிலோ போனால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பஸ்ஸில் போனால் தேவையில்லை.