கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



போன செமஸ்டரில் நானும் இரண்டு கூட்டாளிகளும் செய்த ஆப்பில் ஒருவர் முதலீடு செய்ய முன்வந்தார். டெர்ம் ஷீட் என்ற ஒப்பந்த வரைவு வந்தது. ஆறு பக்கம். நாங்கள் பார்த்தது ஒரே வரியைத்தான்: 5 லட்சம் வெள்ளிக்கு 20 விழுக்காடு பங்கு. பேனாவை எடுத்துவிட்டோம்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் அக்கா கேட்டார்: "நாளைக்கு கம்பெனிய 30 லட்சத்துக்கு வித்தா, அவருக்கு எவ்வளவுடா?"

"20 விழுக்காடு, 6 லட்சம்."

"நாலாம் பக்கம் படிச்சியா?"

அங்கே 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தது. அர்த்தம் இதுதான்: நிறுவனம் விற்கப்பட்டால் அவர் போட்ட 5 லட்சத்தை முதலில் எடுப்பார். மீதி 25 லட்சத்திலும் 20 விழுக்காடு, அதாவது இன்னொரு 5 லட்சம். மொத்தம் 10 லட்சம், மூன்றில் ஒரு பங்கு! அதுவே 'நான் பார்ட்டிசிபேட்டிங்' என்றால், போட்ட பணம் அல்லது பங்குக்குரிய தொகை, இரண்டில் பெரியது மட்டும்: 6 லட்சம். ஒரு சொல்லுக்கு விலை 4 லட்சம் வெள்ளி.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஆப்ஷன் பூல்: வருங்கால ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கு. முதலீட்டுக்கு முன்பே 10 விழுக்காடு ஒதுக்கச் சொன்னால், அது முழுக்க நம் பங்கிலிருந்துதான் போகும். 80 அல்ல, 70தான் நமக்கு.

வெஸ்டிங்: நம் பங்கே நமக்குப் படிப்படியாகத்தான் சொந்தமாகும். பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடைக்காது.

வரைவு என்றாலே திருத்தலாம் என்றுதான் பொருள். டெர்ம் ஷீட்டில் பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் ரகசியம் காப்பது, குறிப்பிட்ட காலம் வேறு முதலீட்டாளரிடம் பேசாமலிருப்பது போன்ற பிரிவுகள் வழக்கமாகக் கட்டுப்படுத்தும். அதை வைத்துத்தான் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதுவார்கள். அது முழுமையாகக் கட்டுப்படுத்தும். அதனால் கேட்க வேண்டியதை வரைவிலேயே கேளுங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடமும் காட்டுங்கள்.

நாங்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. 'பார்ட்டிசிபேட்டிங்' போனது, வெஸ்டிங் அப்படியே இருக்கிறது. அது நியாயம் என்று எங்களுக்கும் பட்டது, ஒருவன் பாதியில் ஓடினால் மற்ற இருவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

நீங்களே போட்டுப் பாருங்கள்: அதே நிறுவனம் 10 லட்சத்துக்கு மட்டும் விலை போனால், இரண்டு முறையிலும் முதலீட்டாளருக்கு எவ்வளவு? (விடை: 6 லட்சம், 5 லட்சம்.)