மெமரி கார்டு படம் டேப்லெட்டில் வரவில்லையா? பதறாதீர்கள்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கவிதை எழுதத்தான் ஆசைப்பட்டேன். வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதில் நான் கற்ற பாடத்தையும் எழுதுகிறேன். இது பரீட்சைக்கு வராது. ஆனால் எல்லார் வீட்டுக்கும் ஒரு நாள் வரும்.

போன வைகாசியில் எங்க அக்காவுக்குக் கல்யாணம். மாமா மகன்தான் தன் கேமராவில் படம் எடுத்தார். கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் அப்பத்தா காலமாகிவிட்டார். அப்பத்தாவை யாரும் தனியாகப் படம் எடுத்ததில்லை. அக்கா தலையில் அவர் பூ வைக்கும் படம் ஒன்று, அந்தக் கேமரா கார்டில் மட்டும் இருந்தது. காரியத்துக்குள் அதைப் பெரிதாக்கி பிரேம் போட வேண்டும் என்றார் அப்பா. மாமா மகன் கேமராவோடு வேறு விசேஷத்துக்குப் போய்விட்டார். கார்டை மட்டும் கொடுத்தனுப்பினார்.

2020-ல் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது அப்பா எனக்குப் பழையதாக ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கித் தந்திருந்தார். அதில் கார்டு ரீடரைச் சொருகினேன். "இது பழுதடைந்துள்ளது, ஃபார்மேட் செய்யவும்" என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலுள்ள அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். "அவன் படிக்கிற புள்ள, அவனுக்குத் தெரியாதா?" என்கிறார் அம்மா. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அமுக்குவதற்கு விரலைக் கொண்டு போய்விட்டேன்.

அப்போது அக்கா கேட்டது: "தம்பி, அத அமுக்குனா படமெல்லாம் இருக்குமாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலக்கா" என்று சொல்லிக் கார்டை உருவிவிட்டேன். அந்த ஒரு கேள்விதான் படத்தைக் காப்பாற்றியது.

மறுநாள் ஆய்வகத்தில் சாரிடம் காட்டினேன். "மீட்டர் ரீடிங் காட்டலேன்னா சர்க்யூட்டத் தூக்கிப் போட்டுடுவியா? மொதல்ல மீட்டரத்தானே பாப்ப?" என்றார். கம்ப்யூட்டரில் போட்டதும் 612 படங்களும் திறந்தன. கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. என் டேப்லெட்டுக்குத்தான் அந்தக் கார்டைப் படிக்கத் தெரியவில்லை. அன்று முதல் நான் பின்பற்றும் முறைகளைக் கீழே தருகிறேன்.

1. கார்டில் எதையும் எழுதாதே

ஃபார்மேட், ரிப்பேர் என்று எது கேட்டாலும் முதலில் மறுத்துவிடுங்கள். பெரிய எஸ்.டி. கார்டின் ஓரத்தில் சிறு பூட்டு ஒன்று இருக்கும். அதை லாக் பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு சொருகுங்கள். ஒன்று கவனிக்கவும்: அந்தப் பூட்டு வெறும் பிளாஸ்டிக்தான், அதற்கும் கார்டின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் தொடர்பில்லை. ரீடர்தான் அதைப் பார்த்து எழுதாமல் நிற்க வேண்டும். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று

கார்டு, ரீடர், ஓ.டி.ஜி. கேபிள், டேப்லெட் ஆகிய நான்கும் ஒரு தொடர் சுற்று மாதிரி. எது பழுதானாலும் படம் வராது. அதே ரீடரில் வேறு கார்டைப் போடுங்கள். அது வேலை செய்தால் ரீடரும் கேபிளும் நல்லவை. பிறகு அதே கார்டை வேறு கருவியில் போடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யார் என்று கடைசி வரை தெரியாது.

3. ஓ.டி.ஜி. கேபிள் வேறு, சார்ஜர் கேபிள் வேறு

பழைய மைக்ரோ யு.எஸ்.பி. முனையில் ஐந்து பின்கள் உண்டு. நான்காவது ஐ.டி. பின். சாதாரண கேபிளில் அது எதிலும் இணைக்கப்படாது. ஓ.டி.ஜி. கேபிளில் அது கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். அதை வைத்துத்தான் டேப்லெட், "நான் இப்போது கம்ப்யூட்டர் வேலை பார்க்க வேண்டும்" என்று புரிந்துகொள்கிறது. சில டேப்லெட்டுகளில் இந்த வசதியே கிடையாது. பேட்டரி குறைந்திருந்தாலும் ரீடருக்குப் போதிய மின்சாரம் போகாமல் இருக்கலாம்.

4. கார்டின் கொள்ளளவைப் பார்

எங்கள் வீட்டுக் கோளாறு இதுதான். 32 ஜி.பி. வரையுள்ள எஸ்.டி.எச்.சி. கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வருகின்றன. அதற்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. எங்கள் கார்டு 64 ஜி.பி. எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டு வந்தது; அதன் விவரங்களை எல்லோருக்கும் வெளியிட்டது 2019-ல்தான். அதனால் பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் அதைப் படிக்கும் வசதி இல்லை. தனக்குப் படிக்கத் தெரியாததை டேப்லெட் "பழுது" என்று சொல்லிவிடுகிறது!

இதற்கு வழி, கம்ப்யூட்டரில் படங்களைக் காப்பி எடுத்து, அங்கிருந்து கேபிள் மூலம் டேப்லெட்டுக்கு அனுப்புவது. கேபிளைச் சொருகினால் டேப்லெட் பெரும்பாலும் சார்ஜ் மட்டும்தான் ஏறும். மேலிருந்து திரையை இழுத்து, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபேட்32 முறையில் 4 ஜி.பி. அளவுள்ள ஒரே கோப்பு ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். நீளமான கல்யாண வீடியோ பாதியில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

5. இடம் இருக்கிறதா? கணக்குப் போடு

ஒரு படம் 8 எம்.பி. என்றால் 612 படங்களுக்கு 4,896 எம்.பி., அதாவது ஏறக்குறைய 4.9 ஜி.பி. என் டேப்லெட்டில் காலி இடம் 2 ஜி.பி.தான். ஆகவே 40 படங்களை மட்டும் ஏற்றினேன். மீதி கம்ப்யூட்டரில் இருந்தது. பிறகு ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்தேன்.

6. ஏற்றியும் கேலரியில் காணோமா?

முதலில் ஃபைல்ஸ் செயலியில் தேடுங்கள். கேமரா படங்கள் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில் இருக்கும். ரா வகைப் படங்களைப் பல கேலரி செயலிகள் காட்டாது, ஜே.பி.ஜி. ஆக மாற்ற வேண்டும். கட் செய்யாமல் எப்போதும் காப்பி செய்யுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம்.

7. தெரியாமல் அழித்துவிட்டால்?

உடனே கார்டை வெளியே எடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். பெரும்பாலும் அழிவது பொருளடக்கப் பக்கம்தான். படங்கள் உள்ளேயே கிடக்கும். அவற்றின் மேல் புதிதாக எழுதினால்தான் போய்விடும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இப்படிக் கிடப்பவற்றைத் தேடி எடுக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

முடிவாக ஒரு வார்த்தை. நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். வயரிங் கோளாறா, பேங்க் பாரமா, செல்போனா, எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்காகவே, தெரியாத பட்டனைத் தெரிந்த மாதிரி அமுக்கக் கூடாது. "தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பதும் படித்தவன் பேச்சுதான்.

அப்பத்தா இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறார். கையில் கனகாம்பரம்.