வாடகை வீட்டிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் ஒரு தரைத்தள வீட்டில் 22 வருடம் குடியிருந்தோம். லாரி வருகிற அன்றைக்கு நிதானமாக வீட்டிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அன்று பீரோ வாசல்படியில் சிக்கிக்கொண்டது. ஆட்களுக்கு டீ வாங்க ஓடினேன். நாலு மணிக்குத் திரும்பிப் பார்த்தால் வீடு காலி. கடைசி நாள் லாரிக்காரருடையது. சொல்லிக்கொள்ள மூன்று மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

முதல் படி: கொல்லையில் ஆரம்பியுங்கள்

சாமான்கள் காத்திருக்கும், செடிகள் காத்திருக்காது. மல்லிகையில் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். வேர் பிடிக்க மூன்று மாதம் ஆகும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற்றுவதில்லை என்பதால் தையில் கிளம்புகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு ஐப்பசியே பதியம் போடும் மாதம். சென்னையில் அப்போது மழையும் இருக்கும், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

கறிவேப்பிலை மரத்தைப் பெயர்க்க முடியாது. ஆனால் அதன் வேரிலிருந்தே குட்டிகள் முளைக்கும். ஒரு குட்டியை வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தொட்டியில் வையுங்கள். இரண்டு எடுப்பது நல்லது, ஒன்று எப்படியும் வாடிவிடும். முருங்கைக்கு ஒரு போத்து போதும். அதைக் கிளம்புகிற வாரத்தில் வெட்டினால் சரி.

இரண்டாம் படி: கலைந்து கிடக்கும்போதே படம் எடுங்கள்

காலி அறையைப் படம் எடுத்து என்ன பயன்? நான்கு சுவரும் ஆணி ஓட்டையும்தான் இருக்கும். கொடியில் துண்டு காயும்போது, அடுப்பில் குக்கர் இருக்கும்போது எடுங்கள். போனில் சத்தத்தையும் பதிந்துகொள்ளுங்கள்: கேட்டின் கிறீச், மோட்டார், தூரத்து மின்சார ரயில். எனக்கு இது தோன்றவே இல்லை. அந்தக் கேட்டின் சத்தத்தை வாயால் செய்து காட்டினால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பிள்ளைகளின் உயரத்தை நிலைக்காலில் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்கள். நீங்கள் போனதும் வீட்டுக்காரர் பெயின்ட் அடித்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி, தரையிலிருந்து நிலைக்காலோடு ஒட்டிவைத்து, கோடுகளையும் தேதிகளையும் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பரண்

எவர்சில்வரில் தொடங்குங்கள், ஆல்பத்தைத் தொடாதீர்கள். ஆல்பம் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பெயர் வெட்டிய பாத்திரங்களைப் பழைய பாத்திரக்காரரிடம் போடும் முன் யார் கொடுத்தது என்று ஒருமுறை வாசியுங்கள். கொடுத்தவர் இப்போது இல்லை என்றால் அந்த ஒரு டம்ளரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் பரணையும் சேர்த்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

நான்காம் படி: மனிதர்களும் காகிதங்களும்

இஸ்திரிக்காரர், கீரைக்காரம்மா, பால் போடுபவர் மூவரிடமும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பாக்கி தீர்ப்பதற்காக மட்டும் இல்லை. லாரியைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டால் வருத்தப்படுவார்கள். வேறு ஊருக்குப் போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள் என்பதால், சாவி கொடுக்கும் அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: கடைசிக் காலை

சாமி படம், உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் ஆகியவை லாரியில் ஏறக்கூடாது, உங்கள் கையோடு வரட்டும். புது வீட்டில் பால் காய்ச்சும்போது தேடவேண்டி இருக்காது. பழைய துடைப்பத்தை எங்கள் வீட்டில் எடுத்துப்போவதில்லை. அதனாலேயே கடைசியாக ஒருமுறை பெருக்க முடிந்தது. பெருக்கும்போது ஒவ்வொரு மூலைக்கும் குனியவேண்டி வரும். அதற்குமேல் தனியாக விடைபெற எனக்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

ஆறாம் படி: அட்வான்ஸ்

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், அட்வான்ஸில் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும். ஆன்லைனில் அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னாலும், நேரில் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நான் போனேன். வீட்டுக்காரரைப் பார்க்க மாடிப்படி ஏறும் முன் எங்கள் பழைய வீட்டைப் பார்த்தேன். வாசலில் வேறொரு கை போட்ட கோலம், எங்களுடையதைவிடப் பெரியது. கறிவேப்பிலை மரத்தின் கீழ்க்கிளை மொட்டையாக இருந்தது. பறிக்கிறார்கள்.