பருத்தி தீப்பிடிக்காதா? – இழைகளின் பண்புகளைச் சோதித்துக் கற்பித்தல்

ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘சமையலறையில் பருத்தி ஆடை அணிவது ஏன் நல்லது?’ என்ற வினாவுக்கு, நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி ‘பருத்தி ஆடை தீப்பிடிக்காது’ என்று எழுதியிருந்தாள். அடுத்தடுத்த தாள்களிலும் இதே விடை வந்தது. அவர்கள் மனப்பாடத்தில் தவறவில்லை. கரும்பலகையில் ‘இயற்கை இழை’, ‘செயற்கை இழை’ என்று இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் நன்மைகளையும் மற்றொன்றில் தீமைகளையும் எழுதியது நான்தான். அந்தப் பட்டியலிலிருந்து மாணவர்கள் இயல்பாக வந்தடைந்த முடிவு அது. ஆனால், இந்த முடிவை நம்பி ஒரு குழந்தை பருத்தித் தாவணியுடன் அடுப்பருகே நின்றால் என்ன ஆகும்?

அதன் பிறகு இந்தப் பாடத்தைப் பட்டியலாக நடத்துவதை விட்டுவிட்டேன். ‘இந்த இழை நீரை என்ன செய்கிறது? வெப்பம் இந்த இழையை என்ன செய்கிறது?’ என்ற இரண்டு வினாக்களுக்கு மாணவர்களே விடை தேடும்படி மூன்று பாடவேளைகளை அமைத்துக்கொண்டேன். தீச் சோதனையைத் தவிர மற்றவற்றை நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் செய்யலாம்.

கற்றல் விளைவுகள்

1. இழைகளை அவற்றின் மூலப்பொருளைக் கொண்டு வகைப்படுத்துதல்.
2. நீர் உறிஞ்சுதல், ஈரநிலை வலிமை, வெப்பத்தில் நடத்தை ஆகியவற்றைச் சோதித்துப் பதிவு செய்தல்.
3. ஒரு தேவைக்கு ஏற்ற துணியைக் காரணத்துடன் தேர்ந்தெடுத்தல்.

தேவையான பொருள்கள்

பருத்தி, பட்டு, ரேயான், பாலியெஸ்டர், நைலான், டெரிகாட் துணித் துண்டுகள், கைலென்சு, மை நிரப்பி, காகிதக் கோப்பை, உலர்ந்த மணல், கடிகாரம். தையற்கடையில் கேட்டால் வெட்டுத் துண்டுகள் பை நிறையக் கிடைக்கும். மாணவர் அணிந்துவரும் ஆடைகளைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். ‘உன் சட்டை பாலியெஸ்டர்’ என்று ஒரு குழந்தையைச் சுட்டிப் பேசும் சூழலும் வகுப்பில் வரக்கூடாது. விலை குறைவு, நீண்ட உழைப்பு, விரைவில் உலர்தல் என்று நியாயமான காரணங்களுக்காகவே குடும்பங்கள் அந்தத் துணியை வாங்குகின்றன.

செயல்பாடு 1: துணியைப் பிரித்துப் பார்த்தல்

துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எடுத்து, அதன் முறுக்கை எதிர்த்திசையில் திருப்பிப் பிரிக்கச் சொல்லுங்கள். துணி நூலாகவும், நூல் இழையாகவும் பிரிவதை மாணவர் கண்ணால் காண்பர். பருத்தி நூலில் ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டையான இழைகள் இருக்கும். பட்டு இழையோ முறியாமல் நீளமாக வரும். ஒரே பட்டுக்கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீள இழை கிடைக்கிறது என்பதை இங்கே சொல்லலாம்.

‘குட்டை இழை என்றால் பருத்தி’ என்று மாணவர் முடிவு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருத்தியுடன் கலந்து நூற்பதற்காக பாலியெஸ்டரையும் அதே நீளத்தில் வெட்டிக்கொள்கிறார்கள். டெரிகாட் துணி இவ்வாறு உருவாவதுதான்.

ரேயான் எந்தப் பத்தியில் வரும் என்ற வினா இந்த இடத்தில் கட்டாயம் எழும். என் வகுப்பில் ஒரு மாணவி, “டீச்சர், எங்க அம்மா போடுற ரேயான் நைட்டி இயற்கையா, செயற்கையா?” என்று கேட்டாள். மரக்கூழிலுள்ள செல்லுலோஸை வேதிப்பொருள்களால் கரைத்து, நுண்துளைகள் வழியே பிதுக்கி மீண்டும் இழையாக்குகிறார்கள். 1892ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. ரேயானின் மூலப்பொருள் தாவரத்துடையது. இழையின் வடிவம் மனிதன் தந்தது. நைலானும் (1935) பாலியெஸ்டரும் (1941) அப்படியல்ல. சிறு மூலக்கூறுகளை இணைத்து நீண்ட சங்கிலியாக்கிய பலபடிகள் அவை. அவற்றின் மூலப்பொருள்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கின்றன. எனவே இரண்டு பத்திகளுக்குப் பதிலாக இயற்கை இழை, மீளுருவாக்கிய இழை, தொகுப்பு இழை என மூன்று பத்திகள் போடுவதே பொருத்தம்.

செயல்பாடு 2: நீர் என்ன ஆகிறது?

ஒரே அளவில் வெட்டிய துண்டுகள் மீது ஒரு சொட்டு நீர் விட்டு, அது மறையும் நேரத்தைக் குறிக்கச் செய்யுங்கள். புதிய துணியில் கஞ்சியோ வேறு பூச்சோ இருந்தால் பருத்தியின் மீதும் சொட்டு உருண்டு நிற்கும். அதனால் முதல் நாளே சோப்பு நீரில் அலசி உலர்த்திக்கொள்வது அவசியம்.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. விளையாட்டுச் சட்டையின் பாலியெஸ்டர் துணியில் நீர் சட்டென்று பரவிவிடும். ‘பாலியெஸ்டர் நீரை நன்றாக உறிஞ்சுகிறது’ என்று மாணவர் எழுதுவர். உண்மையில் நீர் இழைகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் ஓடியதே தவிர, இழைக்குள் செல்லவில்லை. இதைக் காட்ட, துண்டுகளை நனைத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிட்டு, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாலியெஸ்டர் முதலில் உலரும். பருத்தி வெகுநேரம் ஈரமாகவே இருக்கும்.

சோதனை முடிந்த பின் இந்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதலாம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த இழை தன்னுள் எடுத்துக்கொள்ளும் நீரின் தோராய அளவு இது:

கம்பளி – 16 கிராம்
ரேயான் – 13 கிராம்
பட்டு – 11 கிராம்
பருத்தி – 8.5 கிராம்
நைலான் – 4 கிராம்
பாலியெஸ்டர் – 0.4 கிராம்

காரணத்தை எளிமையாகச் சொல்லலாம். பருத்தியும் ரேயானும் செல்லுலோஸ்; கம்பளியும் பட்டும் புரதம். இவற்றின் மூலக்கூறுகளில் நீரைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் நிறைய உள்ளன. பாலியெஸ்டரில் அவை மிகக் குறைவு. வியர்வை இழைக்குள் செல்லாததால்தான் வெயில் காலத்தில் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் சட்டை உடலில் ஒட்டிக்கொள்கிறது. மழைக்குடைக்கு அதே துணி பொருந்துவதற்கும் இதுவே காரணம். மீனவர்கள் பருத்தி வலையை விட்டு நைலான் வலைக்கு மாறியதையும் இத்துடன் இணைக்கலாம். நைலான் அழுகாது என்பது வலைக்கு நன்மை. கடலில் தொலைந்துபோன வலை அழியாமல் கிடந்து மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைப்பது தீமை. பண்பு ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து அது நன்மையாகவோ தீமையாகவோ ஆகிறது.

செயல்பாடு 3: நனைந்தால் வலிமை கூடுமா, குறையுமா?

ஒரு சாண் நீளமுள்ள பருத்தி நூலில் காகிதக் கோப்பையைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் அறும்வரை கரண்டி கரண்டியாக மணல் இடவேண்டும். பிறகு நனைத்த நூலில் இதையே செய்ய வேண்டும். ரேயான் நூலுக்கும் இவ்வாறே. நூலுக்கு நூல் முடிவு மாறும் என்பதால் ஐந்து முறை செய்து சராசரி காணச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்துக்கும் இது உதவும்.

முடிவைச் செய்வதற்கு முன்பே ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ‘நனைந்தால் இரண்டுமே பலவீனமாகும்’ என்பர். ரேயான் அப்படித்தான் ஆகும்; ஈரத்தில் அதன் வலிமை பாதியளவுக்குக்கூடக் குறையும். பருத்தியோ நனையும்போது வலிமை கூடும். அடித்துத் துவைத்தும் பருத்தி வேட்டி பல ஆண்டு உழைப்பதையும், ரேயான் துணியை முறுக்கிப் பிழியக்கூடாது என்பதையும் மாணவர்களே சொல்லிவிடுவர்.

செயல்பாடு 4: வெப்பம் என்ன செய்கிறது? (ஆசிரியர் மட்டும் செய்து காட்டுவது)

இதை மாணவர் கையில் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். வீட்டில் செய்து பார்க்கவும் சொல்ல வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், மணல் பரப்பிய எஃகுத் தட்டின் மேல், 2 சென்டிமீட்டர் நூலை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். அருகில் ஒரு வாளி நீர் இருக்கட்டும். மாணவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். ரெக்ஸின், செயற்கைத் தோல், கம்பளி என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் ஆகியவற்றை எரிக்கவே கூடாது. அவற்றிலிருந்து நச்சு வாயு வரும்.

பருத்தியும் ரேயானும் உடனே பற்றி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு சுருண்டு மெதுவாக எரியும். முடி கருகும் நாற்றம் வரும். சுடரை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எஞ்சிய கரிய உருண்டை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் சுடரிலிருந்து சுருங்கி விலகி, உருகிச் சொட்டும். ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி உருண்டை எஞ்சும்.

இப்போது அந்த விடைத்தாள் வினாவுக்கு வருவோம். பருத்தி தீப்பிடிக்கும், விரைவாகவே பிடிக்கும். ஆனால் உருகாது. பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் உருகித் தோலில் ஒட்டி, காயத்தை ஆழமாக்குகிறது. டெரிகாட்டில் பருத்தி இழைகள் விளக்குத் திரிபோல் நின்று உருகும் பாலியெஸ்டரைத் தாங்குவதால், அது சொட்டி விழாமல் தொடர்ந்து எரியும். எனவே மாணவர் எழுத வேண்டிய விடை: ‘பருத்தியும் எரியும், உருகி உடலில் ஒட்டாது என்பதே அதன் நன்மை. எந்தத் துணியாக இருந்தாலும், தொங்காமல் உடலோடு பொருந்தி இருப்பதே அடுப்பருகிலும் பட்டாசு வெடிக்கும்போதும் பாதுகாப்பு.’

ஆடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நில், படு, உருள் என்பதை வகுப்பிலேயே செய்து பழக்குங்கள். தீ அணைந்தபின் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. பற்பசை, மை எதையும் தடவாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மதிப்பீடு

1. மழைக்குடை, துவாலை, மீன்வலை, குழந்தையின் கோடைச் சட்டை – ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இழையைக் காரணத்துடன் எழுதுக.
2. ‘ரேயான் மரத்திலிருந்து வருவதால் அது முழுக்க இயற்கை இழை.’ இக்கூற்றை ஏற்கிறாயா? ஏன்?
3. ஒரே நேரத்தில் நனைத்துப் பிழிந்த இரண்டு துண்டுகளில் ஒன்று விரைவில் உலர்ந்தது. அதன் இழையைப் பற்றி என்ன கூறலாம்?

தொடர்பணி

வீட்டிலுள்ள ஐந்து ஆடைகளின் உள்பக்கப் பட்டையில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். பட்டை இல்லாத துணிகளை நீர்ச் சோதனையால் ஊகிக்கட்டும். மறுநாள் வகுப்பில், இவற்றுள் தீபாவளி இரவில் எதை உடுத்தலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பேசவையுங்கள். அதற்குச் சரியான காரணம் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இந்தப் பாடம் பயன்பட்டிருக்கிறது என்று பொருள்.