நியமமும் அன்பும்

வழிபாட்டிற்கு உயிராவது அன்பே என்பதில் ஐயங் கொள்வார் இலர். ஆயின், அன்பு உளதாயின் நியமம் எற்றுக்கு? இன்ன பொழுதில் நீராடுக, இன்ன மலர் கொய்க, இன்ன நாளில் உண்ணாதிருக்க என்னும் வரையறைகளெல்லாம் உள்ளத்தை உலர்த்தும் வெறுஞ் சடங்குகள் அல்லவோ? இவ்வினாவை நம் மாணவ நண்பர் சிலர் எழுப்பக் கேட்டிருக்கின்றோம். இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. இதற்கு விடை காணுமாறு, சைவ மக்கள் தம் அடியார் வரலாறாகப் போற்றும் பெரியபுராணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

12ஆம் நூற்றாண்டில் சோழ வேந்தனுக்கு அமைச்சராய் விளங்கிய சேக்கிழார், தனியடியார் 63 பேரையும் தொகையடியார் 9 கூட்டத்தாரையும் இந்நூலிற் பாடினார். இவருள் பெரும் புலவரும் மன்னரும் சிலரே. ஏனையோர் செய்தன யாவை எனின், திருக்கோயிலில் குங்கிலியப் புகை இடுதல், விளக்கேற்றுதல், சந்தனம் அரைத்தல், அடியார் ஆடையை வெளுத்தல் போன்ற எளிய பணிகளே. இவற்றுள் எதனையும் ஒருநாளைக்கு நம்மில் எவரும் செய்தல் கூடும். அதனை ஒருநாளும் தவறாது செய்தமையே இவர்தம் பெருமை.

நாகப்பட்டினத்து அதிபத்தர் பரதவர் தலைவர். நாடோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுத்தல் அவர் கொண்ட நியமம். மீன் மலிந்த காலத்தில் இஃது அரிதன்று. பின்னர் ஒருகாலத்து, நாள் முழுதும் வலை வீசியும் ஒரு மீனே கிட்டிற்று. அதனை விடுத்து வெறுங்கையராய் மீண்டார். அவ்வாறே நாள் பல கழிந்தன. செல்வம் தேய்ந்தது, உடல் தளர்ந்தது, சுற்றத்தாரும் உடன் பசித்தனர். அந்நிலையில் பொன்னும் மணியும் இழைத்தாலன்ன மீன் ஒன்று வலையில் வந்தது. அன்றும் அகப்பட்டது அஃதொன்றே. அதனையும் கடலுக்கே விடுத்தார். வறுமை ஒருபுறமும் ஆசை ஒருபுறமும் நின்று அவர் நியமத்தைச் சோதித்தன என்க.

கணம்புல்லர் வரலாறும் இதனோடு ஒத்தது. விளக்கேற்றும் தொண்டினர் அவர். பொருள் அழிந்தபின் தில்லையை அடைந்து, கணம்புல்லை அரிந்து விற்று, அவ்விலைக்கு நெய் வாங்கி விளக்கெரித்தார். ஒருநாள் புல் விலைபோகவில்லை. புல்லையே விளக்காக எரித்தார். வழக்கமாக எரிக்கும் பொழுதுவரை அது போதாதாகவே, தம் தலைமயிரையே எரித்தார். 'இன்று இயலவில்லை, நாளை பார்ப்போம்' என்று அவர் சொல்லியிருப்பின் குறைகூறுவார் யார்? ஆனால் அன்றைக்கு நின்ற விளக்கு மறுநாள் நிற்பதற்கு அதனினும் சிறிய காரணமே போதியதாகும். இதனை நம் படிப்பறையில் நாமே கண்டுணரலாம்.

அன்பு ஏரிநீர் எனின் நியமம் அதன் கரை. உள்ளம் பெருகும் நாளும் உண்டு. வற்றும் நாளும் உண்டு. பெருகும் நாளில் வழிபட எவரும் ஏவ வேண்டுவதில்லை. வற்றிய நாளில் நம்மைக் கோயில் வாயில்வரை கொண்டு செல்வது நியமமே. எனவே நியமம் அன்பிற்குப் பகை அன்று. அன்பு தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்குறுதி அது.

'கண்ணப்பர் எந்த நியமத்தைக் கண்டார்? வாயில் நீர் கொணர்ந்தார், ஊன் படைத்தார். அவரையன்றோ இறைவன் மெச்சினான்?' என்று வினவலாம். காளத்தியில் ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியார் அவர் செயலைக் கண்டு உள்ளம் துடித்தது உண்மையே. எனினும் கூர்ந்து நோக்குக. கண்ணப்பர் இரவெல்லாம் வில்லேந்திக் கண்துஞ்சாது காவல் நின்றார், விடிந்ததும் வேட்டைக்குச் சென்றார், நீரும் மலரும் ஊனும் கொண்டு மீண்டார், ஒருநாளும் பிறழ்ந்திலர். நூல் கற்பித்த முறையன்று அது, ஆயினும் முறையே. புத்த வேடத்தினராய்க் காஞ்சியில் வாழ்ந்த சாக்கியர் நாடோறும் இலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிந்த பின்னரே உண்பார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டு எழுந்து ஓடினார். எறிந்தது கல்லாயினும், அந்த ஓட்டத்தில் அன்பும் நியமமும் ஒன்றாய் நின்றன.

இனி, நியமத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. திருவொற்றியூர்க் கலியநாயனார் விளக்கெண்ணெய்க்குப் பொருளில்லாதபோது கூலிக்குச் செக்காட்டினார், வீட்டை விற்றார், பின் மனைவியையே விற்க முற்பட்டார், கொள்வார் இன்மையின் தம் குருதியால் அகலை நிறைக்கத் துணிந்தார். அன்பின் உறைப்பைக் காட்டவே சேக்கிழார் இதனைக் கூறினார் ஆயினும், இன்று கற்கும் நம் மனம் மனைவியின் பொருட்டு வருந்துகின்றது. அதிபத்தர் சுற்றத்தார் பசித்ததினும் இது கொடிது. தன் குருதியைத் தருவது வேறு. பிறர் வாழ்வைத் தருவது வேறு.

ஆதனூர் நந்தனாரை நினைமின். கோயில் முரசங்களுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் வழுவாது அளித்தவர் அவர். அவர் அளித்த தோல் உள்ளே முழங்கிற்று. அவரோ புறத்தே நின்றார். அவரை நிறுத்தியதற்கும் ஆசாரம் என்றே பெயரிட்டனர். 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அழைத்துச் சென்றபோதும் ஆசாரத்தின் பெயராலேயே எதிர்ப்பு எழுந்தது. நியமம் என்பது ஒருவன் தன்மேல் இட்டுக்கொள்வது. பிறர்மேல் இடப்படுமாயின் அது வெறுந் தடையாகும்.

யோக நூலார் எட்டு உறுப்புக்களை வகுத்தவிடத்து, இயமத்தை முதலாகவும் நியமத்தை இரண்டாவதாகவும் வைத்தனர். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமம். தூய்மை, உள்ளது கொண்டு மகிழ்தல், தவம், ஓதுதல், இறைவழிபாடு என்பன நியமம். பிறர்க்குத் தீங்கு செய்யாமையில் முதலில் நின்று, அதன்பின் தன்னை ஒழுங்குபடுத்துக என்பதே இவ்வைப்புமுறையால் நாம் பெறும் பாடம்.

ஆகவே, மாணவ நண்பர்காள்! எந்நெறியினராயினும் நாம் ஒவ்வொருவரும் சிறியதொரு நியமத்தைத் தேர்ந்துகொள்வோமாக. அது ஒரு விளக்காகலாம், ஒரு பாட்டாகலாம், விடியற்காலத்து ஒரு நாழிகை மௌனமாகலாம். பெரிதாய்த் தொடங்கிப் பத்து நாளில் விடுவதினும், சிறிதாய்த் தொடங்கி விடாது நிற்றல் நன்று. அதனால் எவருக்கேனும் இடர் விளைகின்றதோ என்று மட்டும் அவ்வப்போது நோக்குவோம். புல் விலைபோகாத நாள் நமக்கும் வரும். அன்று விளக்கை எரிப்போமாயின், அன்பு இன்னதென்பதை அன்று அறிவோம்.