எந்திரமும் இதயமும்

மனிதனையும் எந்திரத்தையும் வேறுபடுத்துவது யாது? பேச்சே என மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். அக்கருத்தை அசைத்தது, அமெரிக்க நாட்டில் 1966ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணிப்பொறி நிரல்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் என்பார், 'எலைசா' என்னும் அந்நிரலை ஆக்கினார். மனநல மருத்துவரைப்போல் உரையாடும் இயல்பினது அது. ஒருவர் தம் தாயைப்பற்றித் தட்டச்சுச் செய்தால், 'தாய்' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, "உம் குடும்பத்தைப்பற்றி இன்னும் கூறும்" என்னும். பற்றுதற்குரிய சொல் கிடையாவிடின், "மேலே சொல்லும்" என்னும். பொருளுணர்ச்சி அதற்குச் சிறிதும் இல்லை.

பேராசிரியரின் செயலாளராகிய அம்மையார், அந்நிரல் உருவானதைப் பல திங்கள் உடனிருந்து கண்டவர். அது வெறும் நிரலே என்பதை நன்கறிந்தவர். அவரும் ஒருநாள் அதனுடன் உரையாட அமர்ந்தார். சில சொற்களே பரிமாறியிருப்பார். உடனே, அறையைவிட்டு வெளியே செல்லுமாறு பேராசிரியரை வேண்டினார்! எந்திரத்தோடு தனித்துப் பேச விழைந்தது அவர் உள்ளம்.

வைசன்பாம் திகைத்தார், நெடிது சிந்தித்தார். மெய்யறிவு வேண்டப்படும் பணிகளைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தல் தகாது என, 1976இல் தாம் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

இன்றைய கணிப்பொறிகள் எலைசாவினும் பன்மடங்கு திறம்பட உரையாடுகின்றன. அவற்றின் துணையை நாம் கொள்ளலாம். ஆயின், எலைசாவின் சொற்களுக்கு உயிரூட்டியது அவ்வம்மையாரின் நெஞ்சமே என்பதை மறத்தலாகாது. பிறர் துயரைச் செவிமடுக்கும் கடமை என்றும் மனிதருடையதே அன்றோ!