ஒரு பிடி தானியம்

நுழையும்முன்

உழைப்பையும் சிக்கனத்தையும் போற்றாத சமூகம் இல்லை. ஆயினும், உழைத்துச் சேர்த்தது யாருக்குப் பயன்படுகிறது என்பதே ஒரு சமூகத்தின் உயர்வை அளக்கும் கோல். அதற்குச் சான்றாக அட்லாண்டிக் கடற்கரையிலும் நம் கரிசல் மண்ணிலும் வாழ்ந்த இரு சமூகங்களை இப்பாடம் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

விருதுபட்டியின் அடுக்களை

விருதுநகருக்கு 1923ஆம் ஆண்டு வரை விருதுபட்டி என்பதே பெயர். மழை குறைந்த அப்பகுதியின் மக்களுக்கு வணிகமே வாழ்வளித்தது. வணிகர்கள் தாம் விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையை ‘மகமை’ என ஒதுக்கி, உறவின்முறையின் பொதுநிதியில் சேர்த்தனர்.

அந்நிதியின் துணையோடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே க்ஷத்திரிய வித்யாசாலை என்னும் பள்ளி. அதனைத் தாங்கியதில் வீட்டுப் பெண்களுக்கும் பங்குண்டு. உலையிடுவதற்கு எடுத்த அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை அவர்கள் தனிக்கலத்தில் இட்டு வைப்பர். வீடுதோறும் திரட்டப்பட்ட அவ்வரிசி பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது. இதுவே ‘பிடி அரிசி’த் திட்டம். பொது இடங்கள் பலவற்றில் நுழைய மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், தான் கட்டிய பள்ளியின் வாயிலை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

கடலுக்கு அப்பால்

இதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவில் இதை ஒத்த ஒரு முயற்சி நிகழ்ந்தது. அதை மேற்கொண்டோர் பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைநெறியாளர்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த பழைய சடங்குகளைக் களைந்து அதனைத் தூய்மையாக்க விரும்பியவர்கள் அவர்கள். நாட்டில் நெருக்கடி மிகவே, 1630ஆம் ஆண்டு ஜான் வின்த்ராப் தலைமையில் பதினொரு கப்பல்களில் புறப்பட்டு மாசசூசெட்சு கடற்கரையில் குடியேறினர். அங்கே உருவான ஊர்களுள் ஒன்றே பாஸ்டன்.

மீட்படைவோர் யாவர் என்பதை இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டான் என்பது அவர்தம் நம்பிக்கை. உழவும் தச்சும் நெசவும் இறைவன் அழைத்துத் தந்த பணிகள். ஆகவே சோம்பல் பாவம், வீண்செலவு பாவம் எனக் கருதினர். காலையும் மாலையும் குடும்பமாகக் கூடி வேண்டினர். ஓய்வுநாளில் வேலையையும் விளையாட்டையும் துறந்து, குளிரிலும் நெருப்பில்லாத வழிபாட்டுக் கூடத்தில் நெடுநேரம் அமர்ந்து அருளுரை கேட்டனர். மறைநூலில் ஆணையில்லை என்று கூறிக் கிறித்துமசு கொண்டாட்டத்தைக்கூட 1659இல் தடை செய்து, மீறியோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர்.

எழுத்தறிவு என்னும் கடமை

மறைநூலை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. எனவே எழுத்தறிவு அங்கே சமயக் கடமையாயிற்று. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், நூறு குடும்பங்கள் உள்ள ஊர் உயர்நிலை இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும் என 1647இல் மாசசூசெட்சு சட்டம் இயற்றியது.

1636இல் தொடங்கப்பெற்ற ஹார்வர்டு கல்லூரி வறுமையால் தளர்ந்தபோது, 1644இல் ஒரு வேண்டுகோள் எழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பமும் ஏழை மாணவர்களுக்காக ஒரு ‘பெக்’ தானியமோ பன்னிரண்டு பென்னி காசோ தர வேண்டும் என்பதே அது. ஒரு பெக் என்பது ஏறத்தாழ ஒன்பது லிட்டர் கொள்ளும் அளவு. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்களும் தம் பிள்ளைகளின் கல்விக்காகத் தானியக் கலத்தையே திறந்தனர் என்பது வியப்பிற்குரியது.

தெரியுமா?

தூய்மைநெறியாளர் வழிவந்த திருச்சபையினர் 1810இல் மாசசூசெட்சில் தொடங்கிய அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்திற்கும் 1834இல் மதுரைக்கும் வந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து மண்டபசாலையும் அதன் நிலையங்களுள் ஒன்று. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, அம்மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைக் கல்லூரியின் மாணவர்.

நெறியின் நிழல்

தன்னைத் திருத்தப் பயன்பட்ட கட்டுப்பாடு, பிறரை ஒடுக்கவும் பயன்பட்டது. மனச்சான்றின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ரோஜர் வில்லியம்சையும் ஆன் ஹட்சின்சனையும் தூய்மைநெறியாளர் நாடு கடத்தினர். குவேக்கர் நெறியைச் சார்ந்த மேரி டயர் என்னும் பெண்மணியை 1660இல் தூக்கிலிட்டனர். 1692இல் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். தம் நம்பிக்கைக்கு இடம் தேடிக் கடல் கடந்தவர்கள், பிறர் நம்பிக்கைக்கு இடம் தர மறுத்தனர்.

நம் மண்ணிலும் நிழல் உண்டு. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இளைஞர் இருவரின் முயற்சியால் சிவகாசி தொழில்நகராக வளர்ந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வறண்ட நிலத்து மக்களுக்குச் சோறிட்டன. ஆனால், கட்டையில் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சிறுமியரின் விரல்கள் பல்லாண்டுகள் பயன்பட்டன. பள்ளி மணி ஒலிக்கும் முன்பே ஆலை வண்டி அவர்களை ஏற்றிச் சென்றது. உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், இடர்மிகு தொழில்களிலிருந்து குழந்தைகளை மீட்டுக் கல்வி அளிக்க ஆணையிட்டது. விதிமீறிப் பணியமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்றும் கூறியது. பிள்ளைக்காகப் பிடி அரிசி ஒதுக்கிய வட்டாரத்திலேயே பிள்ளையின் பள்ளிப்பருவம் கூலிக்கு விலைபோனதை நாம் மறைக்க வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது.

பிடி அரிசியின் விளைச்சல்

பிடி அரிசியில் வளர்ந்த பள்ளியில் பயின்றவர் காமராசர். குடும்பச் சூழலால் இடையிலேயே படிப்பை நிறுத்த நேர்ந்த அவர், முதலமைச்சரானபின் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவு அளித்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தம்மால் இயன்ற பொருள்களைப் பள்ளிகளுக்கு வழங்கினர். ஓர் ஊரின் அடுக்களை வழக்கம் மாநிலத்தின் வழக்கமாக விரிந்தது எனலாம்.

உழைப்பு செல்வத்தைத் தரும். சிக்கனம் அதைக் காக்கும். அச்செல்வத்தில் ஒரு பிடி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கல்விக்குச் செல்லும்போதுதான் அது அறமாகிறது. இன்று உங்கள் கையிலுள்ள இப்பாடநூலும் முகமறியாத பலர் ஒதுக்கித் தந்த ஒரு பிடியே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பள்ளி, நூலகம், குளம் ஆகியவற்றுள் ஒன்று பொதுமக்களின் கொடையால் உருவான வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக.
2. ‘கட்டுப்பாடு தன்னைத் திருத்தவா, பிறரை ஒடுக்கவா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

சிறுவினா

1. மகமை, பிடி அரிசி – வேறுபடுத்துக.
2. தூய்மைநெறியாளர்கள் எழுத்தறிவைச் சமயக் கடமையாகக் கருதியது ஏன்?

நெடுவினா

விருதுநகர் மக்களும் தூய்மைநெறியாளர்களும் கல்விக்கு ஆற்றிய பணிகளை ஒப்பிட்டு, இருவர் மண்ணிலும் நேர்ந்த குறைகளையும் எடுத்துரைக்க.